அசைவைப் படம்பிடித்த ஆட்டக்காரர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பழைய படங்கள் சிலவற்றை நீங்கள் பார்த்திருக்கலாம். முதுகில் கூடையுடன் நம்மவர் வரிசையாக நிற்பார்கள். கண்கள் கேமராவை நோக்கியிருக்கும். கைகள் அசையாமல் இருக்கும். கொழுந்து பறிக்கும் விரல்களின் வேகத்தை அப்படங்களில் காண முடியாது.

விளையாட்டுப் படங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. மட்டையை ஊன்றி அசையாமல் நிற்கும் வீரர்களே அவற்றில் தெரிந்தனர். அந்நிலையை மாற்றியவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஜார்ஜ் பெல்டம் (1868–1937). இவர் 1900 முதல் 1907 வரை மிடில்செக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் என்ன? அசைவு மங்காமல் பதிய ஷட்டர் நொடிப்பொழுதினும் விரைவாகத் திறந்து மூட வேண்டும். அப்போது உள்ளே புகும் ஒளி குறைந்துவிடும். அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கோ நிறைய ஒளி தேவை. எனவே நல்ல வெளிச்சத்தில், ஆட்டக்காரர்களை அருகில் ஆட வைத்துப் படமெடுத்தார். ஆஸ்திரேலிய வீரர் விக்டர் டிரம்பர் முன்கால் அந்தரத்தில் இருக்க, மட்டையை ஓங்கிப் பாயும் புகழ்பெற்ற படம் இவர் எடுத்ததே. அது போட்டியின்போது எடுத்த படமன்று.

1905இல் சி. பி. ஃபிரையுடன் இணைந்து, 600 படங்கள் கொண்ட மட்டையாளர் நூலை வெளியிட்டார். இந்தியாவின் ரஞ்சித்சிங்ஜியும் அதில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு பந்துவீச்சாளர்களைப் பற்றிய நூல் வந்தது.

கருவி மட்டும் இதைச் சாதிக்கவில்லை. எந்தக் கணத்தில் ஓர் அடி முழுமை பெறுகிறது என்பதை ஆடிப் பழகியவர் அறிவார். அந்த அறிவே பெல்டத்தின் பலம்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. அங்கே தமிழர் பலர் கையால் கொழுந்து பறித்தனர். பின்னர்க் கத்தரியும் இயந்திரமும் வந்தன. இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும் அந்த விரலசைவு மறைந்து வருகிறது.

இன்று நம் கைத்தொலைபேசியே அசைவைத் தெளிவாகப் பிடிக்கும். கணத்தைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். தோட்டத்தில் வேர் கொண்ட மாணவர்களே, அடுத்த விடுமுறையில் கொழுந்து பறித்த பாட்டியை ஒரு செடியருகே அழைத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்கச் சொல்லாதீர்கள், பறிக்கச் சொல்லுங்கள். எப்போது பொத்தானை அழுத்துவது என்று அவரையே கேளுங்கள்.