மிஞ்சிய கறி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கரிநாளன்று காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வீடுகளில் உண்டவர் போக ஆட்டுக்கறி மிஞ்சுவதும், பக்ரீத்துக்கு மறுநாள் வீராணம் ஏரிக்கரையை ஒட்டிய லால்பேட்டையில் சமைத்த குர்பானிக் கறி சட்டியோடு நிற்பதும் இன்று நேற்று வந்த வழக்கமல்ல. அந்த மிச்சத்தை மறுநாள் அடுப்பேற்றிச் சுண்டக்கறியாக்குவதே நம் தாய்மார் கண்ட வழி. ஆனால் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்புகிறவர்கள், டின்னில் அடைத்த லஞ்சன் மீட்டின் ருசியையும் உடன் கொண்டுவந்துவிட்டபடியால், மிஞ்சிய கறியையே அரைத்து அழுத்தி, வில்லை வில்லையாக அறுத்து, ரொட்டிக்கு நடுவே வைத்து உண்ணலாமே என்கிற ஆசை பல வீடுகளில் பிறந்திருக்கிறது. நல்ல ஆசைதான்; அன்னத்தை வீணாக்காத எந்தப் பிரயத்தனமும் போற்றத்தக்கதே. ஆயினும் இதைச் சுற்றிப் படர்ந்திருக்கும் அபிப்பிராயங்களுள் சில பிழையானவை. ஒன்றிரண்டு உயிருக்கே அபாயமானவை.

வெந்த கறியை மைய அரைத்து, கனமான பொருளை மேலே ஏற்றி வைத்தால் தானாகவே கெட்டிப்பட்டுவிடும் என்பது முதல் நம்பிக்கை. அது பிழை. ஹார்மெல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1937-இல் ஸ்பாம் என்னும் டின் இறைச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் கூட்டு பச்சை இறைச்சியாகவே இருந்தது. பச்சை இறைச்சியோடு உப்பைச் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதம் கசிந்து பசையாகி, பிறகு உஷ்ணம் பட்டதும் இறுகித் துண்டுகளையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கிறது. நம் வீட்டுக் கறியிலோ அந்தப் புரதம் முதல் நாள் அடுப்பிலேயே இறுகி முடிந்துவிட்டது. மறுபடி எவ்வளவு அழுத்தினாலும் அது பசையாகாது, கத்தி பட்டவுடன் உதிர்ந்துதான் போகும். இதற்குப் பரிகாரம் ஆட்டுக்காலில் இருக்கிறது. காலையும் எலும்பையும் நெடுநேரம் வேகவைத்து, வடிகட்டி, பாதியாகச் சுண்டவைத்த சாறு குளிர்ந்ததும் கட்டியாக உறைவதை, பாயா வைக்கும் எந்த வீட்டிலும் பிரத்தியட்சமாகக் காணலாம். மசாலாவை உதறி நார் நாராகப் பிய்த்த கறியை மிளகும் சுக்கும் உப்பும் சேர்த்து அந்தச் சாற்றிலே இட்டு, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, அகலமான சம்படத்தில் இரண்டங்குல உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, ஒரு தட்டால் அமுக்கிக் குளிரவைத்தால் வில்லை அறுபடும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பின் கறி இதற்கு ஆகாது. மிளகு வறுவலோ உப்புக்கறியோ உகந்தது. ஆட்டுக்கால் சாற்றின் பிணைப்பு நம் சித்திரை வெயிலில் இளகிவிடுமாதலால், குளிர்ச்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே அறுத்துவிட வேண்டும்.

அடுத்த நம்பிக்கையே மிகப் பெரியது: மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் எல்லாத் தோஷமும் நீங்கிவிடும் என்பது. சுண்டக்கறியை நம்பி வளர்ந்த நமக்கு இந்த எண்ணம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் இறைச்சியில் சாதாரணமாகக் காணப்படும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் கிருமி, விதையைப் போன்ற கடினமான உறையொன்றுக்குள் ஒடுங்கி, முதல் நாள் கொதியையே தாங்கிப் பிழைத்து, சட்டி ஆறத் தொடங்கியதும் கண் விழித்து, சுமார் 45 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 10 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். அடுப்பங்கரையில் மூடிவைத்த பெரிய சட்டியின் நடுப்பாகம் பாதி இரவு வரையில் இந்த வெதுவெதுப்பிலேயே இருக்கிறது. சுண்டக்கறி உண்கிறவரைப் பெரும்பாலும் காப்பது, உண்பதற்கு முன் அது மீண்டும் கொதிப்பதுதான். வில்லையோ குளிர்ந்தபடியே உண்ணப்படுவது. கடைசித் தீ அதற்குக் கிடையாது.

கொதியாலும் தீராத தோஷம் வேறொன்றுண்டு. நம் கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி, எலும்பிலிருந்து கறியைக் கையால் பிய்க்கும்போது அதில் குடியேறி, சில மணி நேரம் வெதுவெதுப்பு கிடைத்தால் விஷத்தைச் சுரந்துவிடுகிறது. பிறகு கொதிக்கவைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது. ஆகவே மிஞ்சிய கறியின் யோக்கியதை மறுநாள் அடுப்பில் நிச்சயிக்கப்படுவதில்லை. முதல் நாள் பந்தி முடிந்த அந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. நான் இத்தனை வற்புறுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்.

சூடான பதார்த்தத்தைக் குளிர்ச்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது, முற்றிலும் ஆறட்டும் என்று இரவு முழுதும் வெளியே வைப்பதும் இதே காரணத்தால் பெருந்தவறு. சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. 32 டிகிரியைத் தாண்டும் வெயிற் காலத்தில் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் விதி. சிதம்பரம் பக்கத்தில் வருஷத்தில் பல மாதங்களுக்கு இரண்டாவது விதியே பொருந்தும். கறியைச் சிறு சிறு தட்டையான பாத்திரங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடலாம். பெட்டிக்கு ஒரு கெடுதியும் வராது.

உப்பும் மஞ்சளும் இருக்கக் கறி கெடுமா என்று கேட்கிறவர்கள் உப்புக்கண்டத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். உப்புக்கண்டம் நம் முன்னோரின் அற்புதமான வித்தை என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அதைக் காப்பது உப்பு மாத்திரமன்று. பச்சைக்கறியை மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, கடும் வெயிலில் நாட்கணக்காக உலர்த்தி, ஈரப்பசையே இல்லாமல் கட்டைபோல் ஆக்குவதனால்தான் கிருமிக்கு அங்கே ஜீவிக்க வழியில்லை. வாயில் கரையும் வில்லையோ ஈரத்தாலேயே சுவைப்பது. அதிலுள்ள உப்பு நாவுக்குப் போதுமே தவிரக் காவலுக்குப் போதாது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சவ அடக்கத்துக்கு வந்த வாத்தியக்காரர்கள் உப்பிலிட்ட பன்றித் தொடையைத் தின்று நோயுற, மூவர் மாண்டனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர்தாம் பொட்டுலிசம் என்னும் கொடிய விஷநோயின் கிருமியைக் கண்டறிந்தவர். காற்றுப் புகாத ஈரமான உப்புநீரின் அடியிலேயே அக்கிருமி வளர்ந்திருந்தது.

கடையில் விற்கும் டின் இறைச்சியின் இளஞ்சிவப்பு வெறும் சாயம் என்பதும் பிழை. சோடியம் நைட்ரைட் இறைச்சியின் நிறப்பொருளோடு கூடி அந்த நிறத்தை உண்டாக்குகிறது. மேற்சொன்ன பொட்டுலிசக் கிருமியை அடக்குவதும் அதுவே. வீட்டு வில்லை சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். நிறத்துக்காக வெடியுப்பை வாங்கிக் கண்ணளவில் சேர்ப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அளவு மீறினால் அதுவே விஷம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-இல் அறிவித்ததையும் நினைவிற் கொண்டால், நிறத்தின்மேல் அவ்வளவு மோகம் வேண்டியதில்லை.

முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். நாற்றம் எழுப்பும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்பார்கள். அது உறங்குகிறது, அவ்வளவே. பெட்டியின் காவலும் மின்சாரம் உள்ள வரையில்தான்: மூடிய குளிர்ச்சாதனப் பெட்டி மின்சாரமின்றிச் சுமார் 4 மணி நேரமே குளிரைக் காக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலுக்குப் பின் நாட்கணக்கில் இருளில் இருந்த நம் மாவட்டத்தாருக்கு, அதன் பிறகு பெட்டிக்குள் இருக்கும் கறியை என்ன செய்வதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திறவாத டின் மாதக்கணக்கில் அலமாரியில் இருப்பதைக் கண்டு, வீட்டு வில்லையையும் பிள்ளைகளின் சோற்று டப்பாவில் வைத்தனுப்பலாம் என்று எண்ணுகிறார்கள். டின்னுக்குள்ளிருப்பது மூடி அடைத்த பிறகு கடும் உஷ்ணத்தில் கிருமி நீக்கம் பெற்றது. டின்னைத் திறந்த மாத்திரத்தில் அந்தக் காப்பும் போய்விடுகிறது. காலை ஏழரைக்குக் கட்டிய டப்பா பள்ளியில் திறக்கப்படுவது பன்னிரண்டரைக்கு. ஆகையால் வில்லையைக் காலைப் பலகாரத்தோடு வீட்டிலேயே கொடுத்துவிட்டு, டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தை வையுங்கள். கறி முதன்முதலில் சமைத்த நாளிலிருந்து எண்ணி நான்காம் நாளுக்குள் வில்லையைத் தீர்த்துவிடுங்கள்; கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும், குளிர்ந்தபடி கொடாமல், தோசைக்கல்லில் ஆவி பறக்கும் வரையில் இருபுறமும் சுட்டுக் கொடுங்கள்.