குடிவரவு மருத்துவப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றிதழும்: முன்கூட்டியே ஆயத்தமாகும் முறை

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாத விசா அறிக்கையில், வேலைவாய்ப்பு அடிப்படையிலான மூன்றாம் பிரிவில் இந்தியாவில் பிறந்தோருக்குரிய விண்ணப்ப நாள் 2015 ஜனவரி 1 வரை ஒரே தாவலாக முன்னேறியது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல, அதே மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முனைந்தன. குடிவரவுப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களிடம் நேரம் கிடைப்பது அரிதாயிற்று. எனினும் மருத்துவ அறிக்கை கைக்கு வராதவர்கள் விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட்டு, அறிக்கையைப் பின்னர் சேர்க்க அன்று வழியிருந்தது.

2024 டிசம்பர் 2 முதல் அவ்வழி அடைபட்டுவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்குரிய ஐ-693 படிவம், வசிப்புரிமைக்குரிய ஐ-485 படிவத்துடன் ஒன்றாகவே செல்ல வேண்டும். இல்லையெனில் விண்ணப்பம் முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம். அதற்குள் விசா நாள் பின்னோக்கிச் சென்றுவிட்டால் காத்திருப்பு மீண்டும் தொடங்கும். இருபத்தொரு வயதை நெருங்கும் பிள்ளை உள்ள வீட்டில் இத்தாமதம் அப்பிள்ளையின் உரிமையையே பாதிக்கக்கூடும். ஆகவே, பிஸ்கட்டவேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவ்விரு ஆயத்தங்களையும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பரிசோதனையின் பின்னணி

பயணிகளின் உடல்நிலையை ஆராய்ந்த பின்னரே உள்ளே விடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என உறுதிசெய்யப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். மலாயா சென்றவர்கள் பினாங்கின் ஜெரஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டனர். அமெரிக்காவில் 1892 முதல் 1954 வரை எல்லிஸ் தீவு இப்பணியைச் செய்தது. அத்தீவின் பெரும்பகுதி நியூ ஜெர்சிக்கே உரியதென 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயுற்ற பயணிகளைச் சேர்த்த பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் நிற்பதும் அப்பகுதியிலேயே.

இன்றைய பரிசோதனையின் நோக்கம் குறுகியது. பொதுநலத்துக்கு ஊறு செய்யும் தொற்றுநோய், கட்டாயத் தடுப்பூசி இன்மை, தீங்கு விளைவிக்கும் நடத்தையுடன் கூடிய உடல் அல்லது மனநலக் குறைபாடு, போதைப்பொருள் பழக்கம் ஆகிய நான்கையே அது ஆராய்கிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இப்பட்டியலில் இல்லை. எச்.ஐ.வி. தொற்றும் 2010 ஜனவரி 4 முதல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

யாரிடம் செல்ல வேண்டும்?

அமெரிக்காவினுள் இருந்தபடியே விண்ணப்பிப்போர், குடிவரவுத் துறை நியமித்த ‘சிவில் சர்ஜன்’ ஒருவரிடம் மட்டுமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல்லாண்டு பழகிய குடும்ப மருத்துவராயினும், நியமனம் பெறாதவர் கையொப்பமிட்ட படிவம் செல்லாது. குடிவரவுத் துறையின் இணையதளத்தில் 08854 என்னும் அஞ்சல் குறியீட்டை இட்டால், அருகிலுள்ள மருத்துவர்களின் பட்டியல் கிடைக்கும். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. மருத்துவருக்கு மருத்துவர் அது வேறுபடும். தொலைபேசியில் அழைத்து, கட்டணத்தில் இரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் அடங்குமா எனக் கேட்டறிந்த பின்னரே நேரம் பெறுதல் நன்று.

பெற்றோரை ஊரிலிருந்து வரவழைப்போருக்கு முறை வேறு. பெற்றோர் இந்தியாவில் இருப்பின், தூதரகம் அங்கீகரித்த ‘பேனல் மருத்துவர்’ பரிசோதிப்பார். குடிவரவு விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடைபெறும். பிஸ்கட்டவேயில் பெற்ற மருத்துவ அறிக்கை அங்கே பயன்படாது. அங்கே பெற்றது இங்கே பயன்படாது.

காசநோய்ப் பரிசோதனை

இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தோருள் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றவர்கள், தோளில் அதன் தழும்பு இருக்கும். பழைய தோல் பரிசோதனை, இத்தடுப்பூசியின் விளைவாகவே சிலருக்கு நோய்த்தொற்று இருப்பதாகக் காட்டியதுண்டு. இப்போது அமெரிக்காவில் 2 வயது நிரம்பிய அனைவருக்கும் ‘இக்ரா’ எனப்படும் இரத்தப் பரிசோதனையே செய்யப்படுகிறது. பி.சி.ஜி. ஊசி அதன் முடிவை மாற்றுவதில்லை.

இரத்தப் பரிசோதனையில் தொற்று தென்பட்டால் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படும். எக்ஸ்ரே தெளிவாக இருப்பின் அது உறங்குநிலைத் தொற்று எனக் குறிக்கப்படும். அச்செய்தி சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்படும். சிகிச்சை பெறுமாறு பரிந்துரையும் வரும். ஆயினும் உறங்குநிலைத் தொற்று விண்ணப்பத்தைத் தடுக்காது. இதையறியாது அச்சமுற்று, முடிவை மறைக்க முயல்வோரே பின்னர் இடர்ப்படுகின்றனர். எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால் மட்டுமே சளிப் பரிசோதனை முதலியவை தொடரும். அதற்குக் காலம் பிடிக்கும்.

இந்தியாவில் பரிசோதனை செய்துகொள்ளும் பெற்றோருக்கு வரிசை மாறும். 15 வயது நிரம்பிய அனைவருக்கும் அங்கே தொடக்கத்திலேயே எக்ஸ்ரே எடுக்கப்படும்; 2 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்படும். முன்னர் காசநோய் சிகிச்சை பெற்ற முதியோர், பழைய எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைச் சீட்டுகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஆறிய தழும்பா, புதிய நோயா என மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அவை துணைபுரியும்.

தடுப்பூசிகள்

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயதுக்குரிய தடுப்பூசிகளைப் பெற்றமைக்குச் சான்று தேவை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, போலியோ, இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான், சின்னம்மை, மஞ்சள் காமாலை முதலியவற்றுக்கான ஊசிகள் அவற்றுள் அடங்கும். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை பரிசோதனைக்குச் செல்வோர் இன்ஃபுளுவென்சா ஊசியும் பெற்றிருக்க வேண்டும். கோவிட் தடுப்பூசிச் சான்று 2025 ஜனவரி முதல் கேட்கப்படுவதில்லை.

ஊரில் போட்ட ஊசிகளுக்கு அட்டை இல்லாதவர்கள் பலர். அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பிறந்த ஊரின் மருத்துவமனையிலோ பள்ளியிலோ பதிவு உள்ளதா என உறவினர் வழியாகத் தேடுதல். இரண்டாவது, தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளதா என இரத்தத்தில் பார்த்தல். மூன்றாவது, ஊசியை மீண்டும் போட்டுக்கொள்ளுதல். பல தவணை ஊசிகளில் ஒரு தவணை பெற்று, அடுத்ததற்குரிய இடைவெளி நிறைவுறவில்லை எனில், மருத்துவர் அதைப் படிவத்தில் குறித்துக் கையொப்பமிடலாம். எல்லாத் தவணைகளும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நியூ ஜெர்சியில் போடப்பட்ட ஊசிகளின் பதிவை ‘டாக்கெட்’ என்னும் கைப்பேசிச் செயலி வழியாகப் பெறலாம். பரிசோதனைக் கட்டணத்தை மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. ஆனால் குடும்ப மருத்துவரிடம் போடும் ஊசிகளை ஏற்பதுண்டு. எனவே ஊசிகளை முன்னரே முடித்து, பதிவுடன் செல்வது செலவைக் குறைக்கும்.

கருவுற்ற பெண்கள் அந்நிலையை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் அக்காலத்தில் போடத்தக்கவையல்ல. மருத்துவர் அவ்வாறு குறித்தால் விண்ணப்பத்துக்குத் தடையில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய உண்மை

நியூ ஜெர்சியில் வயது வந்தோருக்கான கஞ்சா விற்பனை 2022 ஏப்ரலில் தொடங்கியது. கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்றும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே. குடிவரவு என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் ஆளுகைக்குட்பட்டது. மாநிலம் அனுமதித்த கடையில் வாங்கியதாயினும், அப்பழக்கம் மருத்துவ அடிப்படையில் விண்ணப்பத்தைத் தடுக்கக்கூடும். பொய் கூறுவதோ தனிக் குற்றமாகும். இத்தகைய நிலையில் இருப்போர், பரிசோதனைக்குச் செல்லும் முன் குடிவரவு வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

படிவத்தில் விண்ணப்பதாரர் இடும் கையொப்பம் மருத்துவரின் முன்னிலையிலேயே இடப்பட வேண்டும். முடிந்தபின் மருத்துவர் படிவத்தை முத்திரையிட்ட உறையில் தருவார். அவ்வுறையைப் பிரித்தல் கூடாது. தமக்கென ஒரு படியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2025 ஜூன் 11 முதல், எந்த விண்ணப்பத்துடன் படிவம் அனுப்பப்பட்டதோ அது நிலுவையில் உள்ளவரை மட்டுமே படிவம் செல்லும். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டாலோ மறுக்கப்பட்டாலோ புதிய பரிசோதனை தேவைப்படும்.

காவல்துறைச் சான்றிதழ் யாருக்குத் தேவை?

அமெரிக்காவினுள் விண்ணப்பிப்போரின் கைரேகைகளைக் குடிவரவுத் துறையே பெற்று, எஃப்.பி.ஐ. பதிவுகளோடு ஒப்பிடும். எனவே அவர்கள் ஊரிலிருந்து காவல்துறைச் சான்றிதழ் பெறுவது பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும் 16 வயது நிரம்பியோருக்கே அது கட்டாயம். குடியுரிமை உள்ள நாட்டிலோ, தற்போது வசிக்கும் நாட்டிலோ ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருந்தால் அந்நாட்டின் சான்றிதழ் வேண்டும். முன்னர் வாழ்ந்த பிற நாடுகளுக்கு எல்லை ஓராண்டு. ஓய்வுக்கு முன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பணியாற்றிய தந்தைக்கு அந்நாட்டுச் சான்றிதழும் தேவைப்படுவது இதனால்தான். குடும்பங்கள் பெரிதும் மறப்பது இதையே. கைது நடந்த நாடாயின், வாழ்ந்த காலம் எவ்வளவாயினும் சான்றிதழ் வேண்டும்.

இந்தியாவில் வசிப்போர் கடவுச்சீட்டு சேவை இணையதளத்தில் பதிவுசெய்து பெறலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்கள் உள்ளன. நியூ ஜெர்சியில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் வேறு நாட்டுக்குக் குடியேறும் பொருட்டு இச்சான்றிதழை நாடினால், நியூயார்க்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவர். இலங்கையர் கொழும்பிலுள்ள காவல்துறைத் தலைமையகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் செல்வோரிடம் எஃப்.பி.ஐ. அறிக்கையும் கேட்கப்படும், அதன் கட்டணம் 18 டாலர்.

பெயர் வேறுபாடு

தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபு, ஆவணங்களில் சிக்கலை உண்டாக்குகிறது. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தும், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரும், தடுப்பூசி அட்டையில் தனிப்பெயரும் இருப்பது வழக்கம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளோருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என அச்சிடப்படும். மருத்துவப் படிவமும் காவல்துறைச் சான்றிதழும் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலையே பின்பற்ற வேண்டும். திருமணத்துக்கு முந்தைய பெயர் உட்பட, வழங்கிய பெயர்கள் அனைத்தையும் உரிய இடத்தில் குறிப்பிட வேண்டும்.

உள்ளூர் வழக்கு ஏதேனும் இருப்பின்

மது அருந்தி வாகனம் ஓட்டுதல் நியூ ஜெர்சியில் போக்குவரத்துக் குற்றமாகவே நகராட்சி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகிறது. அதனால் அதைச் சிறிதென எண்ணி விண்ணப்பத்தில் விடுவோர் உண்டு. குடிவரவுத் துறை அதைச் சிறிதெனக் கொள்வதில்லை. அக்கைது காரணமாக மருத்துவ மறுபரிசோதனைக்கும் ஆணையிடலாம். கைது நிகழ்ந்திருந்தால், வழக்கு தள்ளுபடியாகியிருப்பினும், பதிவு அழிக்கப்பட்டிருப்பினும், அதைத் தெரிவித்து, நீதிமன்றத்தின் சான்றளிக்கப்பட்ட தீர்ப்புப் படியை இணைக்க வேண்டும். பதிவை அழிக்கக் கோரும் முன் அப்படியைப் பெற்று வைத்தல் இன்றியமையாதது. அழித்தபின் பெறுவது கடினம்.

மீள்பார்வை

விசா நாள் நெருங்கும் முன்னரே ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை:

1. ஒவ்வொருவரின் தடுப்பூசிப் பதிவும் கையில் உள்ளதா?
2. நியமனம் பெற்ற மருத்துவர் எவர், அவரிடம் நேரம் கிடைக்க எத்தனை நாளாகும்?
3. முன்னர் காசநோய் சிகிச்சை பெற்றவர் உளரா? அவருடைய படங்கள் எங்கே?
4. பெற்றோர் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகள் எவை?
5. எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக உள்ளதா?
6. வீட்டில் எவருக்கேனும் கைதோ வழக்கோ இருந்ததா? தீர்ப்புப் படி கிடைத்ததா?

விதிகளும் படிவப் பதிப்புகளும் அவ்வப்போது மாறுவதால், அனுப்பும் நாளில் குடிவரவுத் துறையின் இணையதளத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மருத்துவரிடம் நேரம் பெறுவது சில நாள் வேலை; பழைய தடுப்பூசி அட்டையையும் அயல்நாட்டுச் சான்றிதழையும் தேடுவது பல மாத வேலை. ஆகவே தேடுதலை முதலில் தொடங்குவதே முறை.