மீனுக்கும் பருவம் உண்டு

மாம்பழத்திற்குப் பருவம் உண்டு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். மீனுக்கும் பருவம் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் மடத்துக்குளம் அமராவதி ஆற்றால் செழித்த ஊர். 1957-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அமராவதி அணையில் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி ஆகிய மீன்கள் வளர்க்கப்படுகின்றன. ஒரே இன மீன் ஒரு மாதம் கெட்டியாகவும் மறு மாதம் குழைந்தும் இருப்பது ஏன்?

மீன் குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பத்திற்கேற்ப அதன் பசியும் வளர்ச்சியும் மாறும். கோடையில் கட்லாவும் ரோகுவும் சினை பிடிக்கின்றன. அப்பொழுது உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு சினைக்குச் செல்கிறது. கொழுப்பு குறையக் குறையச் சதையில் நீர் மிகுகிறது. அதனால் சதை மென்மையாகிறது. இவை தேங்கிய குளத்தில் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. ஆகவே ஊசி மூலம் முட்டையிடச் செய்யும் முறையில் 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி வெற்றி கண்டார்.

ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952-இல் இந்தியாவிற்கு வந்தது. இது ஆண்டில் பலமுறை முட்டையிடும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் இரை தின்னாமல் மெலிந்துவிடும். என்னே அதன் தாய்மை!

மெலிந்த மீனில் சத்தில்லை என்று ஒதுக்கலாமா? கூடாது. நூறு கிராம் மீன் சதையில் ஏறக்குறைய 16 முதல் 20 கிராம் வரை புரதம் உள்ளது. பருவத்தால் பெரிதும் மாறுவது கொழுப்பும் நீருமே. புரதம் அதிகம் மாறுவதில்லை. நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்று உழைக்கும் நம் பெற்றோர் குறைந்த விலையில் வாங்கும் மீனும் நம் உடலை வளர்க்கும். கொழுப்போடு சேர்ந்த சத்துகள் மட்டுமே சற்றுக் குறையும்.

கோடையில் குளத்து நீர் வற்றிப் பாசி பெருகும்போது மீனில் சேற்று வாடை வீசுவதுண்டு. பாசியில் உண்டாகும் ஜியோஸ்மின் என்னும் பொருளே இதற்குக் காரணம். இது கெட்ட மீனின் நாற்றம் அன்று. பிடித்த மீனைச் சில நாட்கள் தெளிந்த நீரில் விட்டு வைத்தால் வாடை குறையும். குழம்பில் சேர்க்கும் புளியும் அதைத் தணிக்கும்.

ஆனால் வெயில் காலத்தில் மீன் விரைவில் கெடும். செவுள் சிவந்தும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும் இருக்கும் மீனையே வாங்க வேண்டும்.

தோழியரே! பருவம் அறிந்து மீன் வாங்குவோம். எப்பருவத்திலும் அதன் பயனைப் பெறுவோம்.