சைவச் சாப்பாட்டிலும் உடம்பு தேறும்



"கறி, மீன் தின்னாத உடம்பு எப்படிங்க தேறும்?" என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகத் தேறும். ஆனால் சோற்றை மட்டும் கூட்டினால் போதாது. சதை பிடிக்கப் புரதச்சத்து வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கிராம் வீதம் தினமும் தேவை. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராமும், துவரம்பருப்பில் சுமார் 22 கிராமும் புரதம் உண்டு.

1. காலையில் கேழ்வரகுக் கூழுடன் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை.
2. மதியம் சோற்றுடன் கெட்டிப் பருப்பு, கீரை.
3. மாலையில் சுண்டல் அல்லது எள்ளுருண்டை.
4. இரவில் பால் அல்லது தயிர். பயறு, கீரையில் கிடைக்காத பி12 வைட்டமின் இவற்றில் உண்டு.

கணவன்மாரே, ஒரு வார்த்தை! எல்லோரும் சாப்பிட்ட பிறகு உங்கள் மனைவிக்கு மிஞ்சுவது ரசமும் சோறும்தானா? 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 42 கிலோவாவது இருக்க வேண்டும். எடை குறைந்த தாய்க்குக் குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம். ஆகவே கருத்தரிக்கும் முன்பே அவர் உடம்பு தேறட்டும். பருப்பைச் சமமாகப் பங்கிட்டு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் டாக்டரிடம் காட்டத் தவறாதீர்கள்.