வால்வுப் பெருக்கியின் கூச்சலும் அதன் காரணமும்

பௌர்ணமியன்று கிரிவலம் வருவோர் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது, வழியில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி திடீரென்று "கீ" என்று அலறக் கேட்டிருப்பர். அந்த அலறல் யாரும் பாடியதன்று, பேசியதுமன்று. ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்ட ஒலி மைக்கினுள் மீண்டும் புகுந்து, பெருகி, வெளிவந்து, மறுபடியும் புகுகிறது. தன் குரலைத் தானே கேட்டு மயங்கும் இந்நிலையை இயற்பியலில் அலைவு என்கிறோம்.

வீட்டில் கட்டிய வால்வுப் பெருக்கியில் மைக் இல்லாமலே இது நேரும். ஒரு பெருக்கி 1000 மடங்கு பெருக்குவதாகக் கொள்வோம். வெளியீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதே கட்டத்தில் உள்ளீட்டுக்குத் திரும்பினால் போதும். வெளியிலிருந்து எதுவும் வராமலே ஒலி நிலைத்து நிற்கும். அதே பங்கு எதிர்க்கட்டத்தில் திரும்பினாலோ ஒலி தெளிவடையும். இந்த எதிர்ப் பின்னூட்டத்தை 1927இல் கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு பிளாக். அது எப்போது நிலைதவறும் என்பதைக் கணக்கால் காட்டியவர் நைக்விஸ்ட், ஆண்டு 1932.

பெங்களூரில் 1954இல் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் வானொலி வால்வுகளை நம் நாட்டிலேயே செய்து வந்தது. இன்று அவை பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் கிடைக்கின்றன. ஆகவே சத்தம் கேட்டவுடன் வால்வை மாற்றுவது கைப்பணத்தை வீணாக்குவதாகும். முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சத்தத்தின் வகையே குறையின் இடத்தைச் சொல்லும்.

சத்தத்தின் வகைகள்

முதலாவது, முனகல். நம் மின்சாரம் நொடிக்கு 50 அலைவு உடையது. முழு அலைத் திருத்தி அதனை 100 ஆக்குகிறது. முனகல் 100 ஆனால் வடிகட்டும் மின்தேக்கி தளர்ந்திருக்கலாம். 50 ஆனால் 6.3 வோல்ட் இழைக் கம்பிகளோ, மின்மாற்றியின் காந்தப்புலமோ, தரை இணைப்போ காரணம். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தெருவோர மின்மாற்றியின் முனகல் 100 அலைவு. 50 அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இழைக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் சேஸிஸின் மூலையோடு ஒட்டி நடத்துவதும், இரு மின்மாற்றிகளைச் செங்கோணத்தில் வைப்பதும் நற்பயன் தரும்.

இரண்டாவது, மோட்டார் படகு போன்ற "டப் டப்" ஓசை. எல்லா வால்வுகளும் ஒரே உயர் மின்னழுத்தக் கம்பியில் உண்பதால், கடைசி வால்வின் அசைவு முதல் வால்வுக்குத் திரும்புகிறது. அடி அண்ணாமலையில் என் வீட்டிலுள்ள பெருக்கியில் ஒரு இ.சி.சி. 83, ஒரு இ.எல். 84 வால்வுகள் உண்டு. அதில் இவ்வோசை எழுந்தபோது, முதற்கட்டத்திற்கு மின்சாரம் தரும் இடத்திலிருந்த 16 மைக்ரோபாரட் மின்தேக்கி உலர்ந்திருக்கக் கண்டேன். புதியது இட்டதும் ஓசை நின்றது.

மூன்றாவது, கீச்சொலி. பின்னர் நான் வெளியீட்டு மின்மாற்றியை மாற்றினேன். புதியதன் முனைகளில் குறி ஏதும் இல்லை. பின்னூட்டக் கம்பியை இணைத்ததும் பெருக்கி கீச்சிட்டது, கழற்றியதும் அடங்கியது. எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகியிருந்தது என்பது விளங்கிற்று. இரண்டாம் சுருளின் முனைகளை இடம் மாற்றியதும் குறை தீர்ந்தது.

நான்காவது, காதுக்கே கேட்காத அலைவு. பாட்டு கரகரக்கும்; இ.எல். 84 வால்வின் பிளேட் சிவக்கவும் கூடும். அதன் தாங்குதிறன் 12 வாட் மட்டுமே. கிரிட் முனையை ஒட்டியே சில ஆயிரம் ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

தேடும் முறை

பின்னூட்டக் கம்பியைக் கழற்றிவிட்டு, கடைசி வால்விலிருந்து பின்னோக்கி வருக. மின்சாரத்தை நிறுத்தி இ.எல். 84இன் கிரிட்டைக் கிளிப்பால் சேஸிஸோடு இணைத்து, பின் இயக்குக. சத்தம் நீடித்தால் குறை மின்வழங்கியிலோ கடைசிக் கட்டத்திலோ உள்ளது. நின்றால் அதற்கு முந்திய கட்டத்தில் இதே சோதனையைச் செய்க. சத்தம் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை

இப்பெருக்கியில் 300 வோல்ட் வரை ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, 10,000 ஓம், 5 வாட் மின்தடையின் வழியே அதனை வடித்து, மீட்டரில் பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும். இயங்கும்போது அளப்பதாயின் ஒரு கையை மட்டும் பயன்படுத்துக. ஸ்பீக்கரை இணைக்காமல் பெருக்கியை ஒருபோதும் இயக்கலாகாது. வெளியீட்டு மின்மாற்றி கெடும்.

மாணவ நண்பர்களே! பின்னூட்டம் என்பது தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினா மட்டுமன்று. ஒரே கம்பி, கட்டம் மாறினால் கூச்சல். கட்டம் பொருந்தினால் தெளிவு. அதனைக் கையால் செய்து காதால் கேட்டவர் அப்பாடத்தை மறக்கமாட்டார்.