சந்தேகமான மின்னஞ்சலைத் திறந்துவிட்டால் செய்யவேண்டுவன

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி 2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி தொடங்கப்பெற்றது. வருஷத்திற்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கிலேயே சேர்வதால், அதன் பெயரால் வரும் எக்கடிதத்தையும் குடியானவர்கள் ஆவலுடன் திறக்கின்றனர். வஞ்சகர்கள் இதனை நன்கறிவர். தவணை நின்றுவிட்டதென்றும், உடனே விவரங்களைப் பதிய வேண்டுமென்றும் மின்னஞ்சலாகவும் வாட்ஸப் செய்தியாகவும் பொய்க் கடிதங்கள் வருகின்றன. கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் நிலமுடையோரும், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலர்களும், அத்தகைய கடிதத்தைத் திறந்துவிட்டபின் செய்யவேண்டுவது யாதென்பதே இங்கு கூறப்படுகிறது. திறக்கவே கூடாதென்று உபதேசிப்பது எளிது. நாள்தோறும் பல கடிதங்களைப் பார்ப்பவருக்கு அது எப்போதும் கைகூடுவதன்று.

கடிதத்தை வாசித்த மாத்திரத்தில் பெரும்பாலும் பணம் போவதில்லை. நெற்பயிரில் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சி பயிரைத் தின்பதில்லை. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவே குருத்தைக் கெடுக்கிறது. அதுபோலவே, கடிதத்துடன் சேர்த்தனுப்பிய கோப்பிலும், தொடும்படி காட்டும் லிங்கிலுமே கேடு உள்ளது. 2000-ஆம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி காதற் கடிதம்போல் வந்த ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் கணினிகளைக் கெடுத்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டும் தன் அஞ்சலை நிறுத்தும்படி ஆயிற்று. உடன்வந்த கோப்பைத் திறந்தவர்களின் கணினியிலேயே அது வேலை செய்தது.

ஆகையால் வாசித்ததோடு நின்றவர், பதிலெழுதாமலும், "இனி அனுப்பவேண்டாம்" என்று அக்கடிதத்திலேயே காணும் பொத்தானைத் தொடாமலும் அதனை ஸ்பாம் பகுதிக்குத் தள்ளினால் போதுமானது. தொட்டால், முகவரியில் ஆளுண்டு என்று அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும்.

லிங்கைத் தொட்டு, வந்த பக்கத்தில் கடவுச்சொல்லை எழுதிவிட்டால், அதனை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றவேண்டும். அதே சொல்லை வைத்திருக்கும் மற்றக் கணக்குகளிலும் மாற்றவேண்டும். இந்திய அரசாங்கத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜி.ஓ.வி. புள்ளி இன் அல்லது என்.ஐ.சி. புள்ளி இன் என்று முடியும். முதற் சாய்கோட்டிற்கு முன் உள்ள முடிவையே நோக்கவேண்டும். நடுவில் கிசான் என்றிருப்பதனால் பயனில்லை.

எல்லாவற்றினும் கொடியது, ஏ.பி.கே. கோப்பாக வரும் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்வது. அது குறுஞ்செய்திகளை வாசித்து, ஓ.டி.பி. எண்ணைத் திருடனுக்கு அனுப்பவல்லது. ஏற்றியதாகத் தெரிந்த க்ஷணமே போனை விமான நிலையில் வைத்து, வைஃபையும் நின்றதா என்று பார்த்துத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லவேண்டும். அழைக்கவேண்டிய எண் பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ளது; கடிதத்தில் கண்ட எண்ணன்று. செயலியை நீக்கியபின், விவரமறிந்தவரைக் கொண்டு போனை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைப்பது உத்தமம்.

பணம் போய்விட்டதாயின் 1930 என்ற எண்ணை அப்பொழுதே அழைக்கவேண்டும். திருட்டுப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாய்ந்து, சீக்கிரம் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். இடையில் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதைத் தடுத்து வைப்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுதல் நன்று. கடிதத்தை அழித்துவிடலாகாது; அது சாட்சியம். வெட்கத்தினால் வீட்டாரிடமும் சொல்லாமல் மறுநாள் வரை காத்திருப்பவர்களே மிகுதியும் இழக்கின்றனர். 2017-ஆம் வருஷம் ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டமாயினும், அவர் வங்கிக்குத் தெரிவித்தபின் ஏற்படும் நஷ்டம் வங்கியையே சாரும் என்று விதித்தது. எனவே புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகக் கணினியில் இது நேர்ந்தால், வலைத்தொடர்பைக் கழற்றிவிட்டு மேலதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். மெய்தானா என்று பார்க்கும்படி அக்கடிதத்தைச் சக அலுவலருக்கு அனுப்புவது, நோய்கண்ட நாற்றைப் பக்கத்து வயலில் நடுவதாகும். மேலும், சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத்தருவதாகக் கட்டணம் கேட்டு வேறொரு கடிதம் வரலாம். அதுவும் அத்திருடர்களின் வேலையே.