கடுங்குளிரில் இயங்கும் ஊசிமுனை நுண்ணோக்கி

புதுடில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வியாபாரிகள் பனிக்கட்டித் தூளைப் பரப்பி, அதன்மேல் மீன்களை அடுக்கி வைப்பர். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டினும், கட்டி உருகித் தீரும்வரை அதன் உஷ்ணநிலை 0 டிகிரியை விட்டு ஏறுவதில்லை. உட்புகும் உஷ்ணம் யாவும் உருகுதற்கே செலவாகின்றது. அணுக்களைத் தனித்தனியே காட்டும் நுண்ணோக்கியைக் குளிர்விப்பதும் இத்தகைய முறையாலேயே. உருகும் பனிக்கட்டிக்குப் பதிலாக அங்கே ஆவியாகும் திரவ ஹீலியம் பயன்படுகின்றது. சாதாரண அழுத்தத்தில் அது 4.2 கெல்வினில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 269 டிகிரியில் கொதிக்கும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் தலைமை வகித்த டில்லி தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையில், 1950களிலேயே இத்திரவத்தைக் கொண்டு ஆராய்ச்சிகள் நடைபெற்றன.

1981-ல் ஜூரிச் நகரில் பின்னிக், ரோரர் என்னும் இருவர் அமைத்த இந்நுண்ணோக்கியில் கண்ணாடி வில்லை கிடையாது. கூரிய உலோக ஊசி ஒன்று, பொருளின் பரப்பைத் தொடாமல், 1 நானோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் நகர்கின்றது. இடைவெளியைக் கடந்து எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இதற்குக் குளிர் எதற்கு? உஷ்ணத்தால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் அளவீடு மங்கிப்போகிறது. அறை உஷ்ணநிலையில் இம்மங்கல் சுமார் 90 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். நியோபியம் நைட்ரைடு என்னும் மீக்கடத்தியில் காண வேண்டிய ஆற்றல் இடைவெளியோ சுமார் 2.5 மட்டுமே! 4.2 கெல்வினில் மங்கல் 1.3 ஆகவும், 0.35 கெல்வினில் 0.1 ஆகவும் குறைகின்றது.

ஆனால் குளிர் தரும் சாதனங்களே அதிர்வையும் தருவன. பம்பு அதிரும், கொதிக்கும் திரவம் குமிழியிடும். ஊசியின் நிலையோ அணுவின் அளவில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகலாகாது. ஆகவே ஊசியும் பொருளும் தாங்கிய தலைப்பகுதியைச் சிறிதாகவும் விறைப்பாகவும் அமைத்து, அதனைத் தாங்கும் பீடத்தை மெல்ல அசையும் காற்றுத் தாங்கிகளின்மேல் நிறுத்துவர். மெதுவான அசைவில் ஊசியும் பொருளும் ஒன்றாகவே நகருமாதலால், இடைவெளி மாறாது.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 0.35 கெல்வினில், 9 டெஸ்லா காந்தப்புலத்தில் இயங்கும் இத்தகைய கருவி ஒன்றை அமைத்து, 2013-ல் அதன் விவரத்தை வெளியிட்டனர். இவ்வகைக் குளிரூட்டலில் ஹீலியம்-3 ஆவியைக் குளிர்ந்த கரி உறிஞ்சிக்கொள்ளும். சுழலும் பாகம் இல்லை, அதிர்வும் இல்லை. கரியைச் சூடேற்றினால் வாயு மீளும். விலையுயர்ந்த அவ்வாயு வீணாவதும் இல்லை. மெல்லிய படலம் காற்றுப்பட்டால் பரப்புக் கெடுமாதலால், அதனை வெற்றிடத்திலேயே நுண்ணோக்கிக்குள் கொண்டுசெல்லவும் வழி செய்தனர்.

மீக்கடத்துதிறன் அழிவது எலெக்ட்ரான் இணைகள் பிரிவதாலா, இணைகள் இருந்தும் அவற்றின் ஒத்திசைவு குலைவதாலா என்பது நெடுநாளைய வினா. அணு ஒழுங்கு மிகக் குலைந்த நியோபியம் நைட்ரைடு படலங்களில், மின்தடை மீண்டும் தோன்றிய பின்னரும் ஆற்றல் இடைவெளியின் சாயல் மறையாது நின்றதை மும்பை ஆராய்ச்சியாளர் கண்டனர்.